“சிஸ்டரைக் கூப்பிடவே பயமாக இருக்கிறது”

அன்புள்ள மேடம்,

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக (எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிக் கட்டப் பயிற்சி டாக்டர்) இருக்கிறேன். வயது 24. இப்போது மெடிசின் வார்டில் போஸ்டிங். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் நைட் டியூட்டி என்றால் மதியமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. காரணம் நோயாளிகள் இல்லை, சிஸ்டர்கள்.

போன மாதம் ஒரு நள்ளிரவில், இதயக் கோளாறுக்காகச் சேர்ந்திருந்த பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 82 சதவீதம்தான். மேல்படிப்பு படிக்கும் சீனியர் டாக்டரான பிஜி அக்கா, அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டியில் இருந்தார்; போனில் சொல்லிவிட்டு, ஆக்சிஜனைப் போட்டபடியே “சிஸ்டர், லாசிக்ஸ் கொண்டு வாங்க, சீக்கிரம்!” என்று குரல் கொடுத்தேன். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஊசி அது. வார்டின் மறுகோடியில் யாருக்கோ டிரிப் மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் வந்து நின்று, “எவ்வளவுன்னு கேஸ் ஷீட்ல எழுதிக் கொடும்மா, போடறேன்” என்றார். ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார், இவருக்குக் காகிதம் வேண்டுமாம்! நான் கத்திவிட்டேன். அவரும் விடவில்லை. “நேத்து வந்ததுங்க எல்லாம் அதிகாரம் பண்ணுதுங்க” என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். என் மானம்தான் போனது.

காலை ரவுண்ட்ஸில் விஷயம் அசிஸ்டன்ட் புரொஃபசர் வரை போய், “சிஸ்டர்ஸ்கிட்ட அனுசரிச்சுப் போ” என்று எனக்குத்தான் அறிவுரை. என்னோடு இருக்கும் பையன்களை ‘சார்’ என்கிறார்கள். என்னை மட்டும் ‘ஏம்மா’. இப்போதெல்லாம் ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, பி.பி. பார்ப்பது எல்லாவற்றையும் நானே செய்துவிடுகிறேன். சிஸ்டரைக் கூப்பிட வேண்டுமே என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லையோ?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

ஆலோசகர் பதில்

அன்புள்ள டாக்டர்,

லாயக்கில்லையோ என்ற கேள்விக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. ஆக்சிஜன் போட்டிருக்கிறீர்கள், சீனியருக்குத் தகவல் சொல்லியிருக்கிறீர்கள், கேட்ட மருந்தும் சரி. எனக்குக் கவலை தருவது கடைசியில் சொன்ன விஷயம்தான். எல்லா வேலையையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வது, நடந்த சண்டையைவிட ஆபத்து. மூச்சுத் திணறுகிறவரை வைத்துக்கொண்டு ஊசி, ஆக்சிஜன், போன் மூன்றையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. அடுத்த தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும் அந்த அரை நிமிடம் நோயாளியின் கணக்கில்தான் கழியும்.

அந்த இரவுக்கு வருவோம். நீங்கள் போட்ட குரலில் மருந்தின் பெயர் இருக்கிறது. அளவு இல்லை, எந்த பெட் என்பதும் இல்லை. வார்டில் சாதாரணமாக இருக்கும் சின்ன லாசிக்ஸ் ஆம்பூலில் 20 மில்லிகிராம். ஒன்றை உடைப்பதா, இரண்டையா, நாலையா? ஏதாவது ஏறுக்குமாறாகப் போனால் ஊசி போட்ட கை யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். எழுதிக் கொடுங்கள் என்று அவர் சொன்னது அந்தப் பயத்தில். அதற்காக, உயிர் போகிற நேரத்தில் பேனா தேடவும் வேண்டியதில்லை. “அஞ்சாம் பெட், லாசிக்ஸ் 40 மில்லிகிராம், ஐவி, இப்போ” என்று சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும், நீங்கள் ஆமாம் சொல்லுங்கள், “போட்டாச்சு” என்பது உங்கள் காதில் விழட்டும். நோயாளி கொஞ்சம் தேறியதும், அவர் கேட்கும் முன்பே, நேரம் குறித்துக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வைத்திருக்கும் அளவுகோல். உங்கள் வார்டில் இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015 முதல் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரப் பணி கேட்டு வருடக்கணக்கில் போராடியவர்களும் செவிலியர்களில் உண்டு. நீங்கள் போஸ்டிங் முடிந்ததும் போய்விடுவீர்கள். அந்த வார்டும் அதன் திட்டுகளும் அவர்களோடு கிடக்கும். ஆனால் ஊரார் முன்னால் உங்களை மட்டம் தட்டியதற்கு இதெல்லாம் சாக்கு ஆகாது.

ஆகவே பேசத்தான் வேண்டும். கேஸ் நடுவில் வேண்டாம், ரவுண்ட்ஸிலும் வேண்டாம். அடுத்த நைட் டியூட்டியில் ஏறியதும் நேராக அவரிடம் போய், “சிஸ்டர், இன்னைக்கு எந்த பெட்டைப் பார்த்தா உங்களுக்கு பயமா இருக்கு?” என்று கேளுங்கள். பழைய சிஸ்டர்கள் இதற்குச் சொல்லும் பதில் பல நேரம் கேஸ் ஷீட்டில் இருக்காது. அப்படியே எமர்ஜென்சி டிரேயை இருவரும் சேர்ந்து பாருங்கள்: அட்ரினலின் இருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா. அப்புறம் டீ குடிக்கும்போது: “அன்னைக்கு ஆள் போயிடுவாரோன்னு பயந்துட்டேன் சிஸ்டர், அதான் கத்திட்டேன். ஆனா எல்லார் முன்னாலயும் நீங்க அப்படிச் சொன்னது கஷ்டமா இருந்துச்சு. இனிமே ஏதாவதுன்னா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க.” முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது புகாராகத்தான் கேட்கும்.

இதைக் கேட்டதும் எல்லாரும் உருகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே பேச்சு தொடர்ந்தால், அல்லது தெளிவாகச் சொன்ன மருந்து வேண்டுமென்றே தாமதமானால், தேதி நேரத்தோடு எழுதி யூனிட் சீஃபிடம் கொடுங்கள். அது கோள்மூட்டுவது ஆகாது.

‘ஏம்மா’ விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. அவர் பாசமாகவே சொல்லியிருக்கலாம், அவருக்கு உங்கள் வயதில் ஒரு மகள் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் நிற்கும் பையன் ‘சார்’, நீங்கள் ‘ம்மா’ என்றால் சொந்தக்காரர்கள் அதைக் கவனிக்கிறார்கள், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் “பெரிய டாக்டர் எங்கே?” என்பார்கள். “வார்டுக்குள்ள டாக்டர்னு கூப்பிடுங்க சிஸ்டர், வெளியில எப்படி வேணாலும் கூப்பிடுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். உங்கள் கூடப் படித்த பையன்களும் உங்களை அவர்கள் முன்னால் ‘டாக்டர்’ என்றே அழைக்கட்டும்.

டியூட்டி இல்லாத நாளிலும் வயிற்றைப் பிசைந்தால், தூக்கம் கெட்டால், உங்கள் மருத்துவமனை மனநலப் பிரிவில் யாரையாவது பாருங்கள். தெரிந்த முகம் வேண்டாம் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நீங்கள் டாக்டர் என்று அவர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.