இரவு குடித்தது காலையில் ஊதினால் காட்டுமா?

கேள்வி: சென்ற மாதம் நண்பர்கள் நால்வர் ஏற்காட்டில் ஒரு விடுதியில் தங்கினோம். இரவு ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை மது அருந்தினோம். என் பங்கு ஒரு குவாட்டரும் ஒரு கட்டிங்கும். நன்றாகத் தூங்கி எழுந்து நானே காரை ஓட்டி, காலை ஆறு மணி வாக்கில் அடிவாரத்துக்கு வந்தபோது போலீசார் ஊதச் சொன்னார்கள். கருவி 54 என்று காட்டியதால் வழக்குப் பதிந்துவிட்டார்கள். போதை தெளிந்த பிறகும் வழக்குப் போடுவது சரியா? வெளிநாட்டில் 80 வரை அனுமதி உண்டாமே?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வழக்கு சரியானதுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுக்கு, நீங்கள் எப்போது குடித்தீர்கள் என்பது பொருட்டில்லை. வண்டி ஓட்டும் நேரத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு குவாட்டர் 180 மில்லி, ஒரு கட்டிங் 90 மில்லி, ஆக 270 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் அச்சிட்டிருக்கும் 42.8 சதவீதத்தின்படி அதில் ஏறத்தாழ 91 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ரத்தத்தில் இது 190 மில்லிகிராம் அளவுக்குக் கணக்காகும். கல்லீரல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம்தான் குறைக்கும். சிலருக்கு 10 மட்டுமே. ஒன்பது மணி நேரத்தில் 135 போக மீதி 55. கருவி காட்டிய 54 ஏறக்குறைய அதேதான். இந்த வேகத்தில் 30-க்குக் கீழே இறங்க ஏழே முக்காலும், முழுவதும் தீரப் பத்து மணியும் ஆகியிருக்கும். அரை பாட்டிலை ஒருவரே முடித்திருந்தால் மறுநாள் நண்பகல் தாண்டும் வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

'போதை தெளிந்துவிட்டது' என்று நாம் சொல்வது தலை சுற்றல் நின்றதைத்தான். ரத்தத்தில் மிச்சமிருப்பது நமக்குத் தெரிவதில்லை. அந்த மிச்சத்தோடும் அரைகுறைத் தூக்கத்தோடும், காலை மூடுபனியில், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாழ்ந்த கியரிலேயே இறங்கி, ஏறி வரும் பேருந்துக்கு இடம் விட்டு ஒதுங்குவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது சேலத்துக்காரரான உங்களுக்குத் தெரியாததல்ல. மலைக்குப் போகிறவர்கள் இரவைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் திரும்பி வரும் காலையைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் வருத்தம்.

நீங்கள் சொல்லும் 80, பிரிட்டனில் 1967-இல் வந்த வரம்பு. அங்கேயும் ஸ்காட்லாந்து 2014 டிசம்பர் 5 முதல் அதை 50 ஆகக் குறைத்தது. அங்கே ஓட்டியிருந்தாலும் 54-க்கு நீங்கள் குற்றவாளிதான். ஸ்வீடனில் வரம்பு 20. ஆனால், ஸ்காட்லாந்தில் வரம்பைக் குறைத்ததால் விபத்துகள் குறையவில்லை என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கண்டறிந்ததையும் சொல்ல வேண்டும். நம் 30 ஏற்கெனவே கண்டிப்பான அளவு. அதை இன்னும் இறக்குவதைவிட, ஞாயிறு காலைகளில் அடிவாரத்தில் தவறாமல் ஊதச் சொல்வதே பயன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: என் கணவர் காலை ஷிஃப்டுக்கு ஐந்தரை மணிக்கே பைக்கில் கிளம்புபவர். முதல் நாள் இரவு குடித்திருந்தால், எலுமிச்சைச் சாறும் மோரும் குடித்துக் குளித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். உண்மையா?
- ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: இல்லை, அம்மா. மோர் தாகத்தைத் தணிக்கும், காபியும் குளியலும் தூக்கத்தைக் கலைக்கும். கல்லீரலை இவற்றில் எதுவும் அவசரப்படுத்தாது. மூன்று கட்டிங் குடித்த இரவுக்கு மறுநாள் ஐந்தரை மணி போதவே போதாது. அன்றைக்கு அவர் டவுன் பஸ்ஸில் போகட்டும். பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும்.