1279: சோழரும் சொங் மரபினரும் மறைந்த ஆண்டு

கேள்வி: பிற்காலச் சோழர் ஆட்சி 1279-இல் முடிவுற்றதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. அதே ஆண்டில் உலகின் பிற பகுதிகளில் நிகழ்ந்தவை எவை? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சோழரின் முடிவுக்கு நாள், கிழமை எதுவும் கிடையாது. 1246-இல் பட்டமேறிய மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகள் அவனது 33-ஆம் ஆட்சியாண்டோடு நின்றுவிடுகின்றன. மாறவர்மன் குலசேகர பாண்டியன் சோழ நாட்டைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டதையும் இதையும் ஒருங்கே வைத்துத்தான் 1279 என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டனர். அரசன் போரில் வீழ்ந்தானா, எங்கேனும் ஒதுங்கி வாழ்ந்தானா என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

ஒரு காலத்தில் சோழர் தூது அனுப்பிய சீனத்துச் சொங் அரச மரபும் அதே ஆண்டில் அழிந்தது. அதன் முடிவுக்கோ நாள் தவறாத பதிவு இருக்கிறது. 1276-இலேயே தலைநகர் லின்ஆன் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் படையிடம் பணிந்துவிட்டது. அதற்குப் பின்னும் அடங்காத ஒரு கூட்டம் அரச குலத்துச் சிறுவர்களை அழைத்துக்கொண்டு தெற்குக் கடற்கரையோரமாகவே ஓடி, குவாங்தொங் கரையில் யாமென் என்ற நீர்முகத்தில் கடைசியாக நிலைகொண்டது. தளபதி ஜாங் ஷிஜியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்து மிதக்கும் கோட்டையாக்கினார். மங்கோலியர் தரப்புத் தளபதி ஜாங் ஹொங்ஃபானும் சீனரே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் நன்னீர் எடுக்கும் வழியை அடைத்துவிட, சொங் வீரர்கள் உப்புநீரைக் குடித்துச் சோர்ந்தனர். மார்ச் 19 அன்று ஏற்ற இறக்க நீரோட்டங்களைப் பயன்படுத்தி இருபுறமும் தாக்குதல் நடந்தது. தப்ப வழியில்லை என்று கண்ட அமைச்சர் லூ சியூஃபூ, சீனக் கணக்கில் எட்டு வயதே நிரம்பிய பேரரசன் ஜாவ் பிங்கைச் சுமந்துகொண்டு கடலில் குதித்தார். சிறைப்பட்டிருந்த அமைச்சர் வென் தியான்சியாங் பகைவர் கப்பலிலிருந்தே இப்போரைப் பார்க்க நேர்ந்தது. ஜாங் ஷிஜியேவைச் சரணடையச் சொல்லிக் கடிதம் எழுதுமாறு அவரை வற்புறுத்தியபோது, கடிதத்துக்குப் பதிலாக அவர் தந்த கவிதையைச் சீன மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கின்றனர்.

வென்ற குப்லாயின் ஆட்சியில் அதே ஆண்டு வானியலுக்கும் உரியதாயிற்று. வானியலறிஞர் குவோ ஷொவ்ஜிங் 27 இடங்களில் நோக்கீடுகள் செய்வித்தார்; அவற்றின் துணையோடு அமைந்த நாட்காட்டி ஓராண்டை 365.2425 நாள் என்று கொண்டது. ஐரோப்பாவில் கிரிகோரியன் நாட்காட்டி அதே அளவுக்கு வரச் சுமார் முந்நூறு ஆண்டுகள் ஆயின. சப்பானிலோ, குப்லாயின் தூதர்கள் ஹக்காத்தாவில் தலை வெட்டப்பட்டனர்; 1281 படையெடுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

கெய்ரோவில், முன்பு எகிப்தின் சுல்தானாயிருந்த பைபர்சின் இளம் மகனை அகற்றிவிட்டுக் கலாவூன் சுல்தானானார். போர்த்துகலில் கவிஞரான தினிஷ் அரசேறினார். இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு, நிலங்கள் திருச்சபையின் கைக்குப் போவதைத் தடுக்கும் சட்டத்தையும் புதிய நாணயங்களையும் கொண்டுவந்தார். அதுவரை சில்லறைக்காகப் பென்னியை நான்காக வெட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு வட்டமான கால்பென்னி கிடைத்தது. ஆயினும் இந்த நாணயச் சீர்திருத்தத்தைப் பாராட்டும் நூல்கள் அதன் மறுபுறத்தைச் சுருக்கிவிடுகின்றன: நாணய ஓரத்தைச் சுரண்டியதாகக் குற்றஞ்சாட்டி லண்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்ற கிறித்தவர்களில் பெரும்பாலோர் அபராதத்தோடு தப்பினர்.

கேள்வி: சோழரும் சொங் மரபினரும் மறைந்த பிறகு தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையிலான வணிகம் நின்றுவிட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: நிற்கவில்லை. 1279-ஆம் ஆண்டிலேயே மாபாரிலிருந்து, அதாவது அரபு வணிகர் அப்பெயரிட்டழைத்த பாண்டியக் கடற்கரையிலிருந்து, குப்லாயின் அவைக்குத் தூதர் சென்றதாக யுவான் (குப்லாயின் மரபு) அரச வரலாறு பதிவு செய்கிறது; சம்பா (இன்றைய வியட்நாம் பகுதி) முதலிய நாடுகளும் சேர்ந்து அனுப்பிய காணிக்கையில் ஒரு யானையும் ஒரு காண்டாமிருகமும் இருந்தன. பின்னர்க் கொல்லத்துக்கு அனுப்பப்பட்ட யாங் திங்பி, 1281-இல் காற்று வாய்க்காமலும் உணவு குறைந்தும் மாபார் கரையில் இறங்கிக் கொல்லத்துக்குத் தரைவழி கேட்டார். வழியில்லை என்று இங்குள்ள அதிகாரிகள் மறுத்துவிட்டனர். குப்லாயின் தூதரானாலும் போட்டித் துறைமுகத்துக்கு வழிவிடப் பாண்டிய நாட்டார் அணியமாக இல்லை என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அதே 1281-இல், சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழர் சிவன் கோயில் ஒன்றை எழுப்பினர். கானின் ஆணைப்படி இறைவனை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறும் அக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டு, இறுதி வரியைச் சீன எழுத்தில் கொண்டுள்ளது.