முகக்கவசம் எதைத் தடுக்கும், கையுறை எதைத் தடுக்காது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொரோனாக் காலத்தில் எங்கள் வீட்டில் அனைவரும் வெளியே செல்லும்போதெல்லாம் முகக்கவசம் அணிந்தோம், ஆயினும் 2021 மே மாதத்தில் ஐந்து பேருக்கும் நோய் வந்துவிட்டது. பின்னர், முகக்கவசத்தால் பயனில்லை என்று ஒரு பெரிய ஆய்வு சொல்லிவிட்டதாக நாளிதழில் படித்தேன். முகக்கவசம் காக்கும் என்பது உண்மையா, வெறும் நம்பிக்கைதானா?
– மதுரை வாசகர்

பதில்: காக்கும். ஆனால் எந்த அளவுக்குக் காக்கும் என்பது, எத்தகைய கவசம், அது முகத்தில் எவ்வளவு இடைவெளியின்றிப் படிந்திருக்கிறது, எந்தெந்த நேரத்தில் அதைக் கழற்றுகிறோம், எதிரில் இருப்பவரும் அணிந்திருக்கிறாரா ஆகியவற்றைப் பொறுத்துப் பெரிதும் மாறும். தங்கள் வீட்டில் நடந்ததற்கான விடை தங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: வெளியே செல்லும்போது அணிந்தீர்கள். ஒருவர் எப்படியோ நோயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், ஒரே கூடத்தில் உண்டு, ஒரே அறையில் உறங்கும் மற்றவர்கள் பல மணி நேரம் கவசமின்றி அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். அறிகுறி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்பே ஒருவரிடமிருந்து கொரோனா பரவத் தொடங்கிவிடும் என்பதால், விலகியிருக்க அவகாசமும் கிடைப்பதில்லை.

இந்நோய் காற்றின் வழியே எவ்வாறு பரவுகிறது என்பதற்குத் தொடக்கத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்றின் 61 பேர் 2020 மார்ச் 10 அன்று மாலை இரண்டரை மணி நேரம் மூடிய கூடத்தில் ஒத்திகை நடத்தினார்கள். கட்டித் தழுவுவதைத் தவிர்த்தார்கள். கைகளில் தேய்த்துக்கொள்ளக் கிருமிநாசினியும் வாசலில் இருந்தது. அவர்களில் ஒருவருக்கு மட்டும் சளி போன்ற அறிகுறி இருந்தது. சில நாட்களில், உறுதிசெய்யப்பட்டவர்களும் மிகுந்த ஐயத்துக்கு உரியவர்களுமாக 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பேசும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து வெளிவரும் துளிகளில் பெரியவை சில அடி தூரத்துக்குள் தரையில் விழுந்துவிட, மிகச் சிறியவை காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

முகக்கவசம் இந்தப் பாதையை இரண்டு முனைகளில் மறிக்கிறது. நோயுற்றவர் அணிந்தால், துளிகள் ஈரத்தோடும் பெரிய அளவிலும் இருக்கும்போதே பிடிபடுகின்றன. ஆகையால் சாதாரணத் துணிக்கவசமும் அங்கே ஓரளவு பயன்படும். நலமாக இருப்பவர் அணியும்போதோ, ஏற்கெனவே உலர்ந்து சுருங்கிக் காற்றில் கலந்துவிட்ட நுண்துகள்களைத் தடுக்கவேண்டியிருப்பதால், கவசத்தின் தரமும் பொருத்தமும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கொரோனா அறிகுறியோடு இருந்த இரண்டு முடிதிருத்துநர்கள் 139 வாடிக்கையாளர்களுக்கு முடி திருத்தியிருந்தார்கள். முடிதிருத்துநர்கள் இருவரும் கவசம் அணிந்திருந்தார்கள். வாடிக்கையாளர்களும் ஏறத்தாழ அனைவரும் அணிந்திருந்தார்கள். பரிசோதனைக்கு இசைந்த 67 பேரில் ஒருவருக்கும் நோய் இல்லை; மற்றவர்களுக்கும் அறிகுறி தோன்றியதாகத் தெரியவரவில்லை. இது ஒரே நிகழ்வு என்பதால் நிரூபணம் ஆகாது என்றாலும், ஸ்காஜிட் நிகழ்வோடு சேர்த்து எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனி, தாங்கள் படித்த ஆய்வு. அது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வாக இருக்கவேண்டும். சமூகத்தில் முகக்கவசம் அணிவதால் மூச்சுத்தொற்றுகளில் பெரிய வேறுபாடு ஏற்படாதிருக்கலாம் என்று அது கூறியதை, ‘கவசம் பயனற்றது’ என்று பலரும் தலைப்பிட்டுவிட்டார்கள். அவ்வாறு பொருள் கொள்வது தவறு என்றும், முடிவு உறுதியற்றது என்றும் காக்ரேனின் தலைமை ஆசிரியரே அதே ஆண்டு மார்ச்சில் அறிக்கை வெளியிட நேர்ந்தது. இத்தகைய சோதனைகள் பெரும்பாலும், ‘ஒருவர் கவசத்தைச் சரியாக அணிந்தால் அவருக்கு என்ன ஆகும்’ என்ற கேள்வியைக் கேட்பதில்லை. ‘கவசத்தைக் கொடுத்து, அணியச் சொன்னால், அந்தக் குழுவுக்கு என்ன ஆகும்’ என்ற கேள்வியையே கேட்கின்றன. கொடுத்த கவசத்தைப் பாதிப்பேர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலும், அவர்களுக்கு வந்த நோயும் ‘கவசக் குழு’வின் கணக்கிலேயே சேரும்.

டென்மார்க்கில் 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடந்த சோதனையில், கவசக் குழுவில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றக் குழுவில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. தற்செயலாகவும் நேரக்கூடிய அளவுக்குச் சிறிய வேறுபாடு அது. அப்போது அங்கே ஊரில் மற்றவர்கள் கவசம் அணியவில்லை என்பதால், ‘நான் அணிந்தால் பிறருக்கு என்ன பயன்’ என்ற கேள்வியை அந்தச் சோதனை தொடவே இல்லை.

நம் நாட்டுச் சூழலுக்கு மேலும் நெருக்கமானது, 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை உள்ளடக்கி நடந்த சோதனையாகும். பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் வழங்கி, ஊர்ப் பெரியவர்களையும் சமயத் தலைவர்களையும் கொண்டு எடுத்துச் சொல்லி, கவசமின்றித் தெருவில் வந்தவர்களுக்கு நினைவூட்டவும் செய்தார்கள். சரியாகக் கவசம் அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் உறுதியான, அறிகுறியுள்ள தொற்று அக்கிராமங்களில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. அறுவைச் சிகிச்சையின்போது அணியும் வகைக் கவசம் வழங்கிய கிராமங்களில் 11 சதவீதமும், அங்கேயே 60 வயதைக் கடந்தவர்களிடையே 35 சதவீதமும் குறைந்தது. துணிக்கவசம் வழங்கிய கிராமங்களில் அவ்வளவு தெளிவான பயன் தென்படவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் அணியாத ஊரிலேயே கிடைத்த பயன் இது என்பதைக் கருதினால், 9 சதவீதம் என்பதை நான் அற்பமாக மதிக்கமாட்டேன். அதே வேளையில், சில அமைச்சர்கள் மேடையில் பேசியது போலக் கவசமே தடுப்பூசிக்கு நிகர் என்று சொல்லவும் அதில் இடமில்லை.

கேள்வி: முதலில் பொதுமக்கள் கவசம் அணியவேண்டாம் என்றவர்களே, பிறகு அணியாதவர்களுக்கு அபராதம் விதித்தது ஏன்?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: பற்றாக்குறை ஒரு காரணம். 2020 பிப்ரவரி இறுதியில், அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரே மக்கள் கவசம் வாங்குவதை நிறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவமனைகளுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்ற அச்சம் அதில் இருந்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ‘மருத்துவருக்கு வேண்டும், விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ‘அணிவதால் உங்களுக்குப் பயனில்லை’ என்று சொன்னது பிழை. மருத்துவரைக் காப்பது மற்றவரைக் காக்காது என்பதை யார்தான் நம்புவார்கள்?

இன்னொரு காரணம் அறிவியல் சார்ந்தது. இருமல், தும்மலின் பெரிய துளிகளே நோயைப் பரப்புகின்றன, அதுவும் நோயாளி என்று பார்த்தாலே தெரிபவர்தாம் பரப்புகிறார் என்று அதிகாரிகள் கருதினார்கள். அறிகுறியற்றவர்களிடமிருந்தும் பரவுவது தெளிவானதும், இந்திய நலவாழ்வு அமைச்சகம் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டிலேயே தைத்த கவசத்தைப் பரிந்துரைத்தது. உலகச் சுகாதார நிறுவனமோ ஜூன் 5 வரை காத்திருந்து, பின்னரே பொதுமக்களுக்கு மூன்றடுக்குத் துணிக்கவசத்தைப் பரிந்துரைத்தது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் பற்றிய எச்சரிக்கையை ஏற்க அந்நிறுவனம் தயங்கியதை எதிர்த்து, 239 அறிவியலாளர்கள் அந்த ஜூலையில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள்.

இத்தகைய தயக்கம் புதியதும் அன்று. 1910-11இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற நுரையீரல் பிளேக்கை எதிர்கொள்ள ஹார்பின் நகருக்குச் சென்றவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே. நோய் எலித் தெள்ளுப்பூச்சியால் பரவவில்லை, மூச்சின் வழியே பரவுகிறது என்று அவர் கூறி, வலைத்துணியும் பஞ்சும் கொண்ட கவசத்தை வடிவமைத்து அனைவரையும் அணியச் சொன்னார். அங்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அதே நோயால் இறந்தார்.

கேள்வி: 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றபோது கையுறை கொடுத்தார்கள். இன்றும் சில கடைகளில் பணம் வாங்குபவர் காலை முதல் மாலை வரை ஒரே கையுறையை அணிந்திருக்கிறார். இதனால் பாதுகாப்பு உண்டா?
– சேலம் வாசகர்

பதில்: கடைக்காரரின் கையுறையால் பாதுகாப்பு இல்லை, சில வேளைகளில் தீங்கும் உண்டு. கொரோனா வைரஸ் தோலின் வழியே உடலுக்குள் புகுவதில்லை. அது கையில் ஒட்டினாலும், அந்தக் கை கண்ணையோ மூக்கையோ வாயையோ தொடும்போதுதான் ஆபத்து. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கினால் எரிகிறது. கையுறை அணிந்து நறுக்கி, அந்தக் கையுறையோடு கண்ணைக் கசக்கினாலும் எரியத்தான் செய்யும். வெறுங்கையில் பிசுபிசுப்பை உணர்ந்தவுடன் கழுவத் தோன்றும். கையுறை அணிந்தவருக்கு அந்த உணர்வே எழுவதில்லை. அவர் ரூபாய் நோட்டைத் தொட்ட கையுறையாலேயே அலைபேசியையும், பொட்டலத்தையும், தம் முகக்கவசத்தையும் தொடுகிறார். எனவேதான் உலகச் சுகாதார நிறுவனம் பொது இடங்களில் மக்கள் கையுறை அணியப் பரிந்துரைக்கவில்லை, கைகழுவலையே வலியுறுத்தியது.

பொருட்களின் மேற்பரப்பைப் பற்றிய அச்சமும் தொடக்கத்தில் மிகையாக இருந்தது. நெகிழியின் மீது 72 மணி நேரம் வரையிலும் அட்டையின் மீது 24 மணி நேரம் வரையிலும் வைரஸ் உயிர்ப்போடு இருந்ததாக 2020 மார்ச்சில் வெளியான ஆய்வக முடிவே காய்கறியைச் சோப்பு நீரில் கழுவும் வழக்கத்துக்கெல்லாம் வித்திட்டது. ஆய்வகத்தில் வைத்த வைரஸின் அளவு, ஒருவர் தொட்டுச்சென்ற கதவுப்பிடியில் இருப்பதைவிட மிக அதிகம். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மாசுபட்ட மேற்பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. திருப்பூர்ச் சந்தையில் 2020 ஏப்ரலில் அமைத்து, பின்னர் பல ஊர்களும் பின்பற்றிய கிருமிநாசினிச் சுரங்கமும் இதே அச்சத்தின் விளைவுதான். மனிதர்மீது கிருமிநாசினியைத் தெளிப்பது தீங்கானது என்று மத்திய நலவாழ்வு அமைச்சகம் அதே மாதத்தில் அறிவுறுத்தியது.

வாக்குச்சாவடிக் கையுறையை நான் இவ்வளவு கடுமையாகக் குறைகூறமாட்டேன். ஒருவர் ஒரு முறை அணிந்து, பொத்தானை அழுத்தி, உடனே கழற்றி எறிவது என்பது குறைந்தபட்சம் முறையான பயன்பாடு. ஆயினும் அங்கே உண்மையான ஆபத்து, இயந்திரத்தின் பொத்தானைவிட வரிசையில் நெருங்கி நின்றவர்களின் மூச்சிலேயே இருந்தது. நெகிழிக் குப்பைக்குச் செலவிட்ட பணத்தில் சோப்பும் தண்ணீரும் வைத்திருந்தாலே போதும்.

அதற்காகக் கையுறை பயனற்ற பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் வரலாறே சுவையானது: 1889-90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு அறுவை அரங்குச் செவிலியர் ஒருவரின் கைகளைப் புண்ணாக்கியதால், மருத்துவர் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். நோயாளிக்கும் அதனால் தொற்று குறைகிறது என்பது பிறகுதான் உறுதியாயிற்று. இரத்தம், வாந்தி, கழிவு போன்ற உடல்நீர்களால் பரவும் எபோலா போன்ற நோய்களில் கையுறையின்றி நோயாளியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. கேரளத்தில் 2018இல் வந்த நிபா போன்றவற்றில் கவசம், கையுறை இரண்டும் தேவை. வீட்டில் கொரோனா நோயாளியின் கழிவையோ அழுக்குத் துணியையோ கையாளும்போதும் கையுறை அணியலாம். வேலை முடிந்ததும், வெளிப்புறம் கையில் படாதவாறு உட்புறம் வெளியே வரும்படி உருவி எறிந்துவிட்டு, கைகளைக் கழுவவேண்டும். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கக்கூடும் என்பதால் மருத்துவமனைகளிலும் இந்தக் கடைசிக் கழுவலைத் தவிர்ப்பதில்லை.

கேள்வி: கவசம் அணிந்தால் உடலில் பிராணவாயு குறையும் என்கிறார்களே?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: நலமாக இருப்பவருக்குக் குறையாது. பிராணவாயு மூலக்கூறு, வைரஸைவிடவும் சில நூறு மடங்கு சிறியது. அது தடையின்றி உள்ளே செல்லும். புழுக்கமும் வியர்வையும் உண்டாக்கும் அசௌகரியத்தை மறுப்பதற்கில்லை. கடுமையான நுரையீரல் நோயுள்ளவர்கள், நுண்துகள்களை வடிகட்டும் என்-95 கவசத்தை அணியும்முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், தாமாகக் கழற்ற இயலாதவர்களுக்கும் எந்தக் கவசமும் அணிவிக்கக் கூடாது.

கேள்வி: என்-95 கவசத்தைத் துவைத்து அணியலாமா? மூச்சுவிட வசதியாக முன்புறம் வால்வு பொருத்தியதை வாங்கலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: இரண்டுக்கும் விடை ‘கூடாது’ என்பதே. என்-95 துளையின் அளவை மட்டும் நம்பி வடிகட்டுவதில்லை. அதன் உள்ளடுக்கில் உள்ள பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழி இழைகளில் ஏற்றப்பட்டுள்ள நிலைமின்னூட்டமே நுண்துகள்களை ஈர்த்துப் பிடித்துவைக்கிறது. பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் 95 சதவீதத்தைத் தடுக்க முடிவது அதனால்தான். சோப்பில் துவைத்தால் அந்த மின்னூட்டம் குலைந்துபோகும். கவசம் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். ஒரே கவசத்தை மீண்டும் அணியவேண்டியிருந்தால், காகித உறையில் போட்டுச் சில நாட்கள் உலரவைத்து, நான்கைந்து கவசங்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்தலாம். பட்டை தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ எறிந்துவிடவேண்டும்.

வால்வு உள்ள கவசம், அணிந்தவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடுகிறது. அவர் நோயுற்றிருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால், 2020 ஜூலையிலேயே மத்திய அரசு அதைப் பொதுமக்கள் பயன்படுத்துவது குறித்து மாநிலங்களை எச்சரித்தது. தாடி வைத்திருந்தால் எந்த என்-95 கவசமும் முகத்தில் முழுமையாகப் படியாது. அணிந்ததும் இரு கைகளாலும் ஓரங்களைப் பொத்தி, வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணருகே காற்று பட்டால், மூக்குத் தண்டின் மேலுள்ள உலோகப் பட்டையை இன்னும் அழுத்திப் பொருத்தவேண்டும்.