ஒரே கம்பெனி, மூன்று நாடுகள்: இ.ஆர்.பி பற்றிக் கேள்வி பதில்

பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தொழில் செய்யும் நம்மவர்களில் பலர் இப்போது சிங்கப்பூர், சென்னை, ஜகார்த்தா என்று கிளை திறந்திருக்கிறார்கள். கணக்கு, ஸ்டாக், கொள்முதல், விற்பனை, சம்பளம் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் ஓடும் இ.ஆர்.பி மென்பொருள் தங்களுக்கு எப்படி உதவும் என்று அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, பிறகு இந்த மென்பொருள்களை நிறுவிக் கொடுக்கும் பணிக்கு வந்தவன். எந்த மென்பொருளுக்கும் நான் விற்பனை முகவர் இல்லை.

பட்டர்வொர்த், மளிகை இறக்குமதி: ஐயா, இங்கே ஆட்டோகவுண்ட், சென்னைக் கிளையில் டேலி வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் இரண்டையும் எக்ஸெலில் சேர்த்துவிடுகிறோம். இது போதாதா?

இரண்டே கிளை, மாதம் சில கன்டெய்னர் என்றால் போதும். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டும் அந்தந்த நாட்டு வேலைக்கு நல்ல மென்பொருள்கள்தான்.

சிக்கல் நடுவில் இருக்கும் எக்ஸெலில் தொடங்கும். ஒரே மிளகாய் வற்றலுக்குச் சென்னையில் ஒரு பெயர், உங்கள் கிடங்கில் வேறு பெயர். அங்கே கிலோ கணக்கு, இங்கே மூட்டைக் கணக்கு. கப்பலில் ஏற்றியதும் சென்னை தன் ஸ்டாக்கிலிருந்து கழித்துவிடும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறக்கி எடுக்கும் வரை நீங்கள் சேர்க்க மாட்டீர்கள். சரக்கு கடலில் இருக்கும் அத்தனை நாளும் அது யார் கணக்கிலும் இல்லை. ஒருங்கிணைந்த மென்பொருளில் 'வழியில் உள்ள சரக்கு' என்று அதற்குத் தனி இடமே உண்டு.

இப்போது கடலில் எவ்வளவு சரக்கு, அதன் மதிப்பு என்ன என்று முதலாளி கேட்டால், யாருக்கும் போன் போடாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் இப்போதைய முறையே தொடரட்டும். முடியவில்லை என்றால் மாற்றத்தைப் பற்றி யோசிக்கும் காலம் வந்துவிட்டது.

பாயான் லெப்பாஸ், உலோக உதிரிபாகம்: அண்ணா, எங்கள் தொழிற்சாலை செய்யும் பொருளைச் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் இன்னொரு கம்பெனி வாங்கி அமெரிக்காவுக்கு விற்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டு கம்பெனிக் கணக்கும் ஒத்துப்போவதே இல்லை. மென்பொருள் இதைத் தீர்க்குமா?

தீர்க்கும். வெளிநாட்டுக் கிளை உள்ளவர்கள் இ.ஆர்.பி வாங்க எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூர் ஒரு பர்சேஸ் ஆர்டர் அடித்து இமெயிலில் அனுப்புகிறது. உங்கள் ஆள் அதைப் பார்த்து இங்கே சேல்ஸ் ஆர்டரைத் திரும்ப அடிக்கிறார். ஒரு பூஜ்யம் விடுபடலாம், பழைய விலையைப் போடலாம். நீங்கள் 30ஆம் தேதி இன்வாய்ஸ் போடுகிறீர்கள், அவர்கள் 2ஆம் தேதி பதிகிறார்கள். உங்கள் கணக்கில் வரவேண்டிய பாக்கி உண்டு, அவர்கள் கணக்கில் கொடுக்கவேண்டிய பாக்கி இல்லை.

ஒரே தரவுத்தளத்தில் சிங்கப்பூர் பர்சேஸ் ஆர்டரை உறுதி செய்த கணமே இங்கே சேல்ஸ் ஆர்டர் தானாக உருவாகும். நீங்கள் இன்வாய்ஸ் போட்டால் அங்கே அதே எண்ணில், அதே தொகையில் கொள்முதல் பில் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். இரண்டு முறை டைப் செய்வது இல்லை என்பதால் அந்த வகை வித்தியாசம் வரவே இடமில்லை.

அடுத்தது லாபம். ஒரு பிராக்கெட் செய்ய உங்களுக்கு 70 ரிங்கிட் ஆகிறது, சிங்கப்பூருக்கு 100 ரிங்கிட்டுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 31 அன்று 1,000 பிராக்கெட் சிங்கப்பூர் கிடங்கில் விற்காமல் கிடக்கிறது. உங்கள் கணக்கில் 30,000 ரிங்கிட் லாபம் ஏறிவிட்டது. ஆனால் குழுமம், அதாவது உங்கள் இரண்டு கம்பெனியும் சேர்ந்தது, வெளியே யாருக்கும் எதையும் விற்கவில்லை. தொகுத்த கணக்கில் அந்த 30,000-ஐ எடுத்துவிட்டு, ஸ்டாக்கை 70,000-க்குக் கொண்டுவர வேண்டும். எந்தச் சரக்கு உள்வட்டத்தில் வாங்கியது, அதில் எவ்வளவு லாபம் ஒட்டியிருக்கிறது என்ற விவரம் மென்பொருளில் இருந்தால் இது சில நிமிட வேலை. இல்லாவிட்டால் ஆடிட்டர் வந்து உட்கார்ந்த பிறகு தேட வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் மென்பொருளால் ஆகாது. அந்த 100 ரிங்கிட் நியாயமான விலையா என்பதை அது சொல்லாது. மலேசியாவில் கம்பெனி வரி 24 விழுக்காடு, சிங்கப்பூரில் 17. விலையைக் குறைத்து லாபத்தை அந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ என்று வருமான வரி வாரியம் கேட்கும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140ஏ பிரிவு அதற்குத்தான். விலையை எப்படி நிர்ணயித்தீர்கள் என்ற ஆவணம் தனியாகத் தயாராக இருக்கட்டும்.

பெட்டாலிங் ஜெயா, மென்பொருள் சேவை: ஒன்றும் விற்காத மாதத்தில்கூட எங்கள் லாபம் ஏறி இறங்குகிறது. டாலர்தான் காரணம் என்கிறார் கணக்காளர். புரியும்படி சொல்லுங்கள்.

அவர் சொல்வது சரி. விளக்கத்துக்காக ஒரு கணக்கு. 10,000 அமெரிக்க டாலருக்கு இன்வாய்ஸ் போடுகிறீர்கள், அன்றைய விகிதம் 4.40. புத்தகத்தில் 44,000 ரிங்கிட். மாத இறுதியில் விகிதம் 4.30. பணம் இன்னும் வரவில்லை, ஆனால் பாக்கியின் மதிப்பு 43,000 ஆகிவிட்டது. 1,000 ரிங்கிட் 'கைக்கு வராத நட்டம்'. அடுத்த மாதம் 4.25 விகிதத்தில் பணம் வருகிறது, 42,500. ஆக மொத்தம் 1,500 நட்டம், இப்போது அது உறுதியான நட்டம். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் இதைக் கையால் போடுவது கொடுமை. மென்பொருள் மாத இறுதி விகிதத்தை வாங்கி எல்லாப் பாக்கிகளையும் ஒரே ஓட்டத்தில் மறுமதிப்பீடு செய்துவிடும்.

வெளிநாட்டுக் கிளையின் முழுக் கணக்கையும் ரிங்கிட்டுக்கு மாற்றுவது வேறு விஷயம். மலேசிய நிதி அறிக்கைத் தரநிலையான எம்.எஃப்.ஆர்.எஸ் 121-இன்படி சொத்து, கடன்களுக்கு ஆண்டு இறுதி விகிதம். வரவு செலவுக்கு அந்தந்த நாள் விகிதம், நடைமுறையில் பெரும்பாலும் சராசரி. இந்த இரண்டுக்கும் இடையில் விழும் வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகாது, மூலதனப் பகுதியில் தனி வரியாக உட்காரும். பாக்கி மறுமதிப்பீட்டையும் இந்தக் கிளைக் கணக்கு மாற்றத்தையும் குழப்பாத மென்பொருளா என்று டெமோவிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கிள்ளான், கன்டெய்னர் போக்குவரத்து: இ-இன்வாய்ஸ் வந்த பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் வெளிநாட்டு சப்ளையருக்கும் என்ன செய்வது?

100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் ஆண்டு விற்பனை உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1, 25 மில்லியனுக்கு மேல் என்றால் 2025 ஜனவரி 1, 5 மில்லியனுக்கு மேல் என்றால் 2025 ஜூலை 1 என்று இ-இன்வாய்ஸ் படிப்படியாகக் கட்டாயமாகி வந்தது. இன்வாய்ஸ் முதலில் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணோடு திரும்ப வரும். 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு என்றால் கிரெடிட் நோட் போன்ற வழிதான்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மலேசிய வரி எண் இருக்காது. அதற்கென்று வாரியம் கொடுத்த பொது எண்ணைப் போடலாம். பலர் கோட்டை விடுவது சப்ளையர் பக்கத்தில். வெளிநாட்டுச் சப்ளையர் நம் தளத்தில் இன்வாய்ஸ் போட மாட்டார். அதனால் வாங்கும் நீங்களே அவர் சார்பில் சுய இ-இன்வாய்ஸ் போட வேண்டும். பொருளுக்குச் சுங்க அனுமதி கிடைத்த மாதத்துக்கு அடுத்த இரண்டாம் மாத இறுதிவரை அவகாசம். சேவை என்றால், பணம் கொடுத்தது அல்லது பில் வந்தது, எது முந்தியதோ அதற்கு அடுத்த மாத இறுதிவரை.

இதை யாராவது நினைவில் வைத்துச் செய்வார்கள் என்று நம்பக் கூடாது. சப்ளையர் விவரத்தில் 'வெளிநாடு' என்று குறித்திருந்தால், பில் பதியும்போதே மென்பொருள் சுய இ-இன்வாய்ஸைத் தயார் செய்து வைக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ், மின்னணு உதிரிபாகம்: தடையற்ற வணிக மண்டலத்தில் இருக்கிறோம். ஸ்டாக்கை எப்படிப் பிரிப்பது?

வரி கட்டாத சரக்குக்கு ஓர் இடக் குறியீடு, வரி கட்டியதற்கு இன்னொன்று. இரண்டும் ஒரே ரேக்கில் இருந்தாலும் மென்பொருளில் கலக்கக் கூடாது. மண்டலத்தைவிட்டு உள்நாட்டுக்குப் போகும் சரக்கு இறக்குமதி போல நடத்தப்படும். சுங்க ஆவண எண்ணை அந்த நகர்வோடு சேர்த்தே பதியச் செய்யுங்கள். மற்றதை உங்கள் சுங்க முகவரோடு பேசி முடிவெடுங்கள்.

கோலாலம்பூர், துணி மொத்த வியாபாரம்: சென்னைக் கிளை மார்ச் 31-இல் கணக்கு முடிக்கிறது, நாங்கள் டிசம்பர் 31. ஒரே மென்பொருளில் ஓடுமா? சர்வர் எங்கே இருக்க வேண்டும்?

ஓடும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி நிதியாண்டு வைக்கலாம், குழுமத்துக்கு வேறு நாட்காட்டி வைக்கலாம். நேரத்தையும் பாருங்கள். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். டிசம்பர் 31 இரவு 11 மணிக்குச் சென்னையில் போடும் பில், கோலாலம்பூரில் ஜனவரி 1 அதிகாலை 1.30. மென்பொருள் கோலாலம்பூர் சர்வர் நேரத்தை எடுத்தால் அது அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும். பதிவுத் தேதி கிளையின் உள்ளூர்த் தேதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வர் பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்தியக் கம்பெனியின் கணக்கு வெளிநாட்டு சர்வரில் இருந்தால், அதன் பேக்கப் நாள்தோறும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டும் என்பது அங்குள்ள கம்பெனி விதி. 2023 ஏப்ரல் 1 முதல் அங்கே இன்னொரு விதியும் உண்டு. யார், எப்போது, எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் கணக்கு மென்பொருளில் இருக்க வேண்டும், அதை யாரும் அணைத்துவைக்க முடியக் கூடாது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு சென்னைக்கும் சேர்த்து மென்பொருள் வாங்குபவர்கள் இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

ஷா ஆலாம், உணவுப் பொருள் தயாரிப்பு: எங்கள் வேலைமுறைக்கு ஏற்றபடி மென்பொருளை மாற்றித் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நல்லதுதானே?

கவனமாக இருங்கள் ஐயா. ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் அங்காடி நிறுவனம் எஸ்.ஏ.பி என்ற இ.ஆர்.பி மென்பொருளின் அடிப்படையில் தொடங்கிய திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, 2018-இல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. அவர்கள் ஸ்டாக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டுப் பழகியவர்கள், மென்பொருளின் இயல்பான முறை விற்பனை விலையில். பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைத்தது அந்தத் தோல்விக்கு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

நம் ஊரையே பாருங்கள். 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி வந்தது, 2018 ஜூனில் அது பூஜ்யமானது, செப்டம்பரில் எஸ்.எஸ்.டி என்ற விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச்சில் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 6-லிருந்து 8 ஆனது. வரி விகிதத்தைத் தேதியோடு அட்டவணையில் வைத்தவர்கள் ஒரு வரியை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். புரோகிராமுக்குள் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் எழுதியவரைத் தேடினார்கள். மூன்று நாட்டில் கிளை இருந்தால் இந்தத் தலைவலி மூன்று மடங்கு.

உங்கள் தொழிலுக்கே உரியது எதுவோ, அதற்கு மட்டும் மாற்றம் கேளுங்கள். உணவுத் தயாரிப்பில் பேட்ச் எண், காலாவதித் தேதி, ஹலால் ஆவணம் போன்றவை. பில் எந்த வடிவத்தில் அச்சாக வேண்டும், யார் கையெழுத்து எந்த மூலையில் என்பதற்கெல்லாம் பணம் செலவழிக்க வேண்டாம்.

பிறை, பிளாஸ்டிக் வார்ப்பு: எதை வாங்கலாம், பெயர் சொல்லுங்கள்.

பெரிய குழுமங்களில் எஸ்.ஏ.பி, ஆரக்கிள் அதிகம். நடுத்தர அளவுக்கு நெட்சூட், மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரல், பெல்ஜியத்தில் பிறந்த ஓடூ எல்லாம் பார்க்கலாம். பெயரைவிட நான் முக்கியமாக நினைப்பது, நீங்கள் இருக்கும் ஒவ்வொரு நாட்டின் வரி மாற்றத்தையும் மென்பொருளில் கொண்டுவருவது யார் பொறுப்பு என்பது. தயாரிப்பாளரா, அதை நிறுவித் தரும் உள்ளூர்ப் பங்காளி நிறுவனமா? பங்காளி என்றால் அவரிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரே ஒருவர் என்றால் வேண்டாம்.

கோலாலம்பூர், கணக்கியல் மாணவி: அண்ணா, இந்தத் துறைக்கு வர எதைப் படிக்க வேண்டும்?

கணக்கை விடாதே, தங்கச்சி. மென்பொருளை ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம், தொகுத்த கணக்கும் நாணய மாற்றமும் புரிய அதைவிட அதிக நாள் எடுக்கும். எஸ்.ஏ.பி-யின் பழைய ஈ.சி.சி பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2027 இறுதியோடு முடிகிறது. பல நிறுவனங்கள் அதன் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன, கணக்குத் தெரிந்த ஆட்கள் அங்கே தேவை. மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் பேசத் தெரிந்தால் சென்னை அணியோடு வேலை செய்ய மிகவும் கைகொடுக்கும்.

சுங்கை பட்டாணி, தளவாட ஏற்றுமதி: முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் எங்கே தொடங்குவது?

மென்பொருளைத் திறப்பதற்கு முன் பொருள் பட்டியலைத் திறங்கள். எல்லாக் கிளையின் பட்டியலையும் ஒன்றாகப் போட்டு, ஒரே பொருளுக்கு ஒரே குறியீடு, ஒரே அளவு, சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ் எண்ணும் ஒன்றே என்று ஆக்குங்கள். அதேபோல வாடிக்கையாளர், சப்ளையர், கணக்குத் தலைப்புகள். புதுக் குறியீடு திறக்கும் உரிமை இனி ஒரே ஒருவரிடம் இருக்கட்டும், எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி. இதற்கே இரண்டு மூன்று மாதம் போகலாம். வீண் என்று நினைக்காதீர்கள், மேலே சொன்ன அத்தனையும் இந்தப் பட்டியலை நம்பித்தான் ஓடும்.

அப்புறம், எல்லாக் கிளையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மலேசியாவை ஜனவரி 1-இல், முழு ஸ்டாக் எண்ணிக்கை எடுத்த கையோடு மாற்றுங்கள். இரண்டு மூன்று மாத முடிவுகள் ஒழுங்காக வரட்டும். இந்தியக் கிளை இருந்தால் ஏப்ரல் 1 அதற்குப் பொருத்தமான நாள். பழைய மென்பொருளைப் பார்வைக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஏழு ஆண்டுக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும் என்பது நம் வருமான வரிச் சட்டம், அதனால் அதன் உரிமத்தை உடனே ரத்து செய்துவிடாதீர்கள்.