முகம் வேண்டாம், மோதிரம் போதும்

கேள்வி: பொன்னியின் செல்வன் என்றால் எனக்கு உயிர். நந்தினி, குந்தவை, வந்தியத்தேவன் முகங்களைப் பாலிமர் கிளேயில் (ஓவனில் வேகவைத்தால் கெட்டியாகும் செயற்கைக் களிமண்) செய்து, சார்ம்களாக, அதாவது குட்டித் தொங்கல்களாக, பிரேஸ்லெட்டில் தொங்கவிடுகிறேன். ஒரே வாரத்தில் மூக்கு உடைகிறது, இல்லாவிட்டால் கொக்கி கழன்றுகொள்கிறது. ஆபீஸில் இரண்டு பேர் விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மூக்கு போனால் போகட்டும், முகமே வேண்டாம். விரல்நக அளவில் நந்தினியைக் கொண்டுவர யாரால் ஆகும்? கல்கிக்கே ஐந்து பாகம் தேவைப்பட்டது. படித்தவர் ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு நந்தினி உண்டு. உங்களுடையதைப் பார்த்ததும் "இவளா?" என்றுதான் கேட்பார்கள். அவர்களிடமே பனை இலச்சினை போட்ட ஒரு குட்டி மோதிரத்தைக் காட்டுங்கள். "அட, வந்தியத்தேவனைத் தஞ்சைக் கோட்டைக்குள் விட்டதே, அதுவா!" என்று கையைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

ஆகவே கதையில் கைமாறுகிற, ஒளித்துவைக்கிற சாமான்களைத் தேடுங்கள். மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டி, ஊசியால் வரி கீறிச் சுருட்டினால் குந்தவைக்குப் போன ஓலை. பூங்குழலியின் படகுக்கு கிளேயே போதும். வால் நட்சத்திரத்தைத் தனி உருவமாகச் செய்யாதீர்கள், வால் முதல் நாளே போய்விடும். வட்டத் தட்டில் குழித்து, குழியில் வெள்ளி நிறம் தேயுங்கள்.

கிளே உடைவதற்குப் பெரும்பாலும் சரியாக வேகாததே காரணம். பல பிராண்டுகளுக்கு 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாக்கெட்டில் போட்டிருப்பதே கணக்கு. ஓடிஜி ஓவனின் குமிழை நம்பாமல் உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வையுங்கள். வெந்த கிளே மெல்லிய இடத்தில் கொஞ்சம் வளையும், வேகாதது பிஸ்கட் போலப் பொடியும். அதற்காகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. கருகினால் வருவது நச்சுப்புகை.

கொக்கிக்கு வருவோம். வெறும் கம்பியைக் குத்திவைத்தால் கிளே அதைப் பிடித்துக்கொள்ளாது. நுனியைச் சுருட்டி, வேகவைப்பதற்கு முன்பே உள்ளே புதையுங்கள். சார்மைப் பிரேஸ்லெட்டில் கோக்கும் குட்டி வளையமான ஜம்ப் ரிங்கை இரண்டு குறடால் பிடித்து, ஒரு முனையை முன்னே, இன்னொன்றைப் பின்னே திருப்பித் திறக்க வேண்டும். இரு பக்கமும் இழுத்து அகட்டினால் திரும்ப ஒழுங்காக மூடாது. கம்பி, ரிங் எல்லாம் சிக்பேட்டைப் பக்கம் மாமுல்பேட்டைச் சந்துகளில் தேடுங்கள். காதணியாகச் செய்தால் கொக்கி வெள்ளியில் இருக்கட்டும். மலிவு உலோகத்தில் நிக்கல் இருந்தால் சிலருக்கு அரிக்கும்.

விற்கலாமா? கல்கி மறைந்தது 1954-ல். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் எழுத்துக்குப் பதிப்புரிமை, அது 2014-உடன் முடிந்தது. ஆனால் கதைக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் தனி, சினிமாவில் வந்த நகைகளும் தலைப்பின் எழுத்து வடிவமும் தனி. அவற்றைப் பார்த்துச் செய்து விற்காதீர்கள். புலிச் சின்னம் வேண்டுமானால் சோழர் காசுகளையே பாருங்கள். உட்கார்ந்த புலி, பக்கத்தில் மீன்கள், வில். நம் காலத்தில் யாரும் அதற்கு உரிமை கேட்க முடியாது.

அந்த இரண்டு தோழிகளுக்கும் முதலில் ஆளுக்கு ஒன்று சும்மா கொடுத்து, ஒரு மாதம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கழற்றாமல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கி தாங்கினால் விலை பேசலாம்.