பொருத்திய ரேம் எங்கே போகிறது? கேள்வி பதில்

கணினியில் ரேம் (தற்காலிக நினைவகம்) பொருத்தியிருந்தும் முழுதாகப் பயன்படவில்லை என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லோரும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய், அங்கே எத்தனை ஜிபி காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே கணக்குச் சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், ரேமைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். அங்கேயே குறைந்தால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: பழைய கணினி, விண்டோஸ் 7. 4 ஜிபி போட்டேன், 3.24 ஜிபிதான் பயன்படும் என்கிறது. ரேம் பழுது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: மாற்றாதீர்கள், பணம் வீண். உங்களுடையது 32 பிட் விண்டோஸாக இருக்கும். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. பைட்டுக்கு ஒன்று என்றால் சரியாக 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதியை கிராபிக்ஸ் கார்டு முதலான சாதனங்கள் எடுத்துக்கொள்கின்றன. தெருவில் வீடு இருக்கிறது, கதவிலக்கம் இல்லை. தபால் எப்படிப் போய்ச் சேரும்? 64 பிட் பதிப்புக்கு மாறினால் தீரும். ஆனால் அதைப் புதிதாகத்தான் நிறுவ முடியும். படங்களையும் ஆவணங்களையும் முன்பே பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஐயா, கல்லூரிக்காகப் புது லேப்டாப் வாங்கினேன். 8 ஜிபி என்றார்கள், 5.9தான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை தம்பி. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி பக்கத்தைத் திறந்து, கீழே ‘ஹார்டுவேர் ரிசர்வ்ட்’ என்ற வரியைப் பாருங்கள். 2 ஜிபிக்கு அருகில் இருந்தால், பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்களில் இது வழக்கம். பயாஸில் அந்த அளவைக் குறைக்க வழி இருந்தால் 512 எம்பி ஆக்குங்கள். பல லேப்டாப்களில் அந்த வசதியை மூடிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் ‘மேக்சிமம் மெமரி’யை டிக் செய்தேன். அதிலிருந்து குறைந்துவிட்டது.

பதில்: டிக்கை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்குங்கள். அது ரேமுக்கு வரம்பு கட்டும் இடம், கூட்டித் தராது.

கேள்வி: இரண்டு 8 ஜிபி ரேம். பிராசசர் ஃபேனை மாற்றிய பிறகு பயாஸிலேயே 8தான் காட்டுகிறது.

பதில்: மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். ரேமைக் கழற்றி, தங்கநிறக் கால்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகள்களை ஊதாமல் தூரிகையால் தட்டுங்கள். பொருத்தும்போது கிளிப் ‘டிக்’கென்று தானாக மூட வேண்டும். பிறகு ஒரு ரேமை மட்டும் வைத்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் (ரேம் செருகும் இடம்) மாற்றிச் சோதியுங்கள்.

எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட் எடுக்கவில்லை என்றால், மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்றைய கணினிகளில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள் இருக்கிறது. ஸ்லாட்டின் இணைப்புகள் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பின்கள் வழியாகத்தான் அங்கே போகின்றன. இதேபோல் ஒரு கணினி என்னிடம் வந்தது. அதற்குள் இரண்டு முறை ரேம் மாற்றியிருந்தார்கள். கணினிக்குச் சொந்தக்காரர் செலவழித்த தொகையைக் கேட்டு மனம் கனத்தது. பிராசசரை எடுத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். வரிசையாக மின்னிய பின்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மின்னவில்லை, பக்கத்துப் பின்மேல் சாய்ந்து கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்து, ஊசிமுனையால் மூச்சைப் பிடித்து நிமிர்த்தினேன். 16 ஜிபியும் வந்துவிட்டது. கை நடுங்குபவர்கள் இதில் இறங்க வேண்டாம். ஃபேன் திருகுகளை ஒரு பக்கம் அதிகமாக முடுக்கினாலும் இதே கோளாறு வரும். உங்களுக்கு முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். சற்றுத் தளர்த்தி, மூலைக்கு மூலை மாற்றிச் சமமாக முடுக்கிப் பாருங்கள்.

கேள்வி: நானும் அப்படிச் சோதித்தேன். ஒரு ரேம் மட்டும் எந்த ஸ்லாட்டிலும் எடுக்கவில்லை.

பதில்: அந்த ரேம்தான் பழுது. பல நிறுவனங்கள் ரேமுக்குப் பல ஆண்டு வாரன்டி தருகின்றன. பில்லைத் தேடி எடுங்கள், ரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள்.