வாசகர் கேள்வி – பதில்: திருகோணமலையிலிருந்து பொஸ்டன் அணிகளைப் பின்தொடர்வோருக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பல, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிள்ளைகளோ உறவினரோ வாழும் குடும்பங்களிலிருந்து வந்தவை. அந்நகரின் கல்லூரி ஹொக்கி அணிகளையும், ரெட் சொக்ஸ் என்னும் தொழில்முறை பேஸ்போல் அணியையும் இங்கிருந்தே பின்தொடர விரும்புவோரின் கேள்விகள் அவற்றில் நிறைந்திருந்ததால், இப்பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: என் மகன் பொஸ்டனில் படிக்கிறான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் குளிர்காலத்தில் ஹொக்கியையும் கோடையில் பேஸ்போலையும் பற்றியே ஆர்வத்துடன் சொல்கிறான். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் விளங்கிக்கொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு தாயார், உப்புவெளி

பதில்: அம்மா, பருவகாலத்திலிருந்து தொடங்குங்கள். கல்லூரி ஹொக்கி ஒக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் நடுப்பகுதியில் முடிவடைகிறது. பேஸ்போல் மார்ச் இறுதியில் தொடங்கி, செப்டெம்பர் இறுதிவரை வழக்கமான ஆட்டங்களாகவும் ஒக்டோபரில் இறுதிச் சுற்றுகளாகவும் நடைபெறுகிறது. ஒன்று ஓயும் வேளையில் மற்றது தொடங்குவதால், அங்குள்ள ஓர் இரசிகருக்கு ஆண்டு முழுவதும் பின்தொடர ஓர் அணி இருக்கிறது. உங்கள் மகனின் பேச்சு பருவத்துக்குப் பருவம் மாறுவதும் இதனாலேயே.

அங்கு ஹொக்கி என்றால் பனித்தளத்தில், காலில் சறுக்கணி பூட்டி ஆடும் ஹொக்கியாகும். நமது பாடசாலை மைதானங்களில் பதினொருவர் ஆடும் ஹொக்கியைப் போலன்றி, அதில் கோல் காப்பாளர் உட்பட அணிக்கு ஆறு பேர் மட்டுமே களத்தில் நிற்பர். பந்துக்குப் பதிலாகப் பயன்படும் கடினமான இறப்பர் வட்டை ‘பக்’ என்பார்கள். அது துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்னரே அதனைக் குளிரூட்டி உறைய வைக்கிறார்கள். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். முழு வேகத்தில் சறுக்கும் வீரர் ஒரு நிமிடத்துக்குள்ளேயே களைத்துவிடுவதால், ஆட்டத்தை நிறுத்தாமலே ஒருவர் வெளியேற இன்னொருவர் உள்ளே வந்துகொண்டிருப்பார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பக்கைக் கண்ணால் துரத்தப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். அதைவிட, தண்டனை எப்போது விதிக்கப்படுகிறது என்பதைக் கவனிப்பது நல்லது. சிறு குற்றம் செய்தவர் இரண்டு நிமிடங்கள் வெளியே அமர்ந்திருக்க வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். மகன் ‘பவர் பிளே’ என்று சொல்வது எதிரணிக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பைத்தான். ஒருநாள் கிரிக்கெட்டின் பவர் பிளேயுடன் அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை அவர் பேசும்போது, எந்தப் பல்கலைக்கழக அணியை ஆதரிக்கிறார் என்றும், அந்த வாரம் பவர் பிளேயில் எத்தனை கோல் போட்டார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். மற்றவற்றை அவரே ஆசையுடன் சொல்லித் தருவார்.

கேள்வி: மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்து வெளியேறிவிடுகிறார்கள். அப்படியிருக்க, ஒரு கல்லூரி அணியின் மீது வாழ்நாள் பற்று எவ்வாறு உண்டாக முடியும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியா

பதில்: ஐயா, யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே நடைபெறும் ‘வடக்கின் பெரும் சமர்’ துடுப்பாட்டப் போட்டியை எண்ணிப் பாருங்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்னர் படிப்பை முடித்தவர்கள், களத்தில் நிற்கும் ஒரு பையனின் பெயரைக்கூட அறியாமலே, அந்த நாளுக்காகக் கடல் கடந்து வருகிறார்கள். அவர்களின் பற்று கல்லூரியின் நிறத்தின் மீது ஏற்பட்டது; ஆடுவோர் மாற மாற அது குறைவதில்லை.

பொஸ்டனில் இதற்கு நிகரானது ‘பீன்பொட்’ ஹொக்கிச் சுற்றுப்போட்டி. பொஸ்டன் பல்கலைக்கழகம், பொஸ்டன் கல்லூரி, ஹாவர்ட், நோர்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கு அணிகளும் ஒரே நகர வட்டாரத்தைச் சேர்ந்தவை. 1952 டிசம்பரில் முதன்முறையாக நடந்த இப்போட்டியில் ஹாவர்ட் வென்றது. இப்போது பெப்ரவரி மாதத்தின் முதலிரு திங்கட்கிழமைகளில் இது நடைபெறுகிறது. 1978 பெப்ரவரியில் முதல் சுற்று நடந்துகொண்டிருந்த இரவில் பெரும் பனிப்புயல் நகரைச் சூழ்ந்துகொள்ள, இரசிகர்களில் பலர் வீடு திரும்ப வழியின்றி அரங்குக்குள்ளேயே நாட்களைக் கழித்தார்கள். இறுதியாட்டம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. அந்த இரவில் அரங்கில் இருந்தோம் என்று சொல்வதை இன்றும் பெருமையாகக் கருதும் முதியவர்கள் அந்நகரில் இருக்கிறார்கள்.

நோர்த்ஈஸ்டர்ன் அணியின் கதையைத் தனியே சொல்ல விரும்புகிறேன். 1988இல் கிண்ணத்தை வென்ற அந்த அணி, அடுத்த வெற்றிக்காக 2018 வரை காத்திருந்தது. முப்பது ஆண்டுகளில் எத்தனை வகுப்பு மாணவர்கள் ஒரு வெற்றியையும் காணாமல் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார்கள் என்று பாருங்கள். அவர்களில் பலர் ஆண்டுதோறும் அந்தத் திங்கட்கிழமைகளில் அரங்குக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அதன் பின்னர் 2019இலும் 2020இலும் தொடர்ந்து வென்றபோது, அந்த மகிழ்ச்சி களத்தில் நின்ற இளைஞர்களுக்குரியதாக இருந்த அளவுக்குக் காத்திருந்தவர்களுக்கும் உரியதாக இருந்தது. மகளிருக்கும் பீன்பொட் உண்டு. அதன் இறுதியாட்டம் 2024இல் முதன்முறையாக டீடி கார்டன் பேரரங்கில் நடத்தப்பட்டது. அந்த நிலைக்கு அவர்களை இவ்வளவு காலம் காக்க வைத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

வீரர்கள் நான்கு ஆண்டுகள்கூடத் தங்காமல் போவதும் உண்டு. 2024இல் கல்லூரி ஹொக்கியின் மிகச் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதைப் பெற்ற மக்லின் செலெப்ரினி, பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரேயொரு பருவம் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார். இரசிகர்கள் வருந்தினார்கள், ஆனால் கோபிக்கவில்லை. 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 4–3 என்று தோற்கடித்த அமெரிக்க அணி பெரும்பாலும் கல்லூரி வீரர்களைக் கொண்டிருந்தது. வெற்றிக் கோலைப் போட்ட மைக் எருசியோனியும் கோல் காப்பாளர் ஜிம் கிரெய்க்கும் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். தங்களிடமிருந்து போகிறவர் நாளை எங்கே நிற்பார் என்பதை அவ்வணியின் இரசிகர்கள் அறிவார்கள்.

கேள்வி: பேஸ்போலும் நமது எல்லேயும் ஒன்றா? புள்ளி அட்டையை எப்படி வாசிப்பது?
– ஓர் இளைஞர், ஓர்ஸ்ஹில்

பதில்: தம்பி, எல்லே ஆடியவருக்குப் பேஸ்போலின் பாதி ஏற்கனவே தெரியும். பந்தை ஓங்கி அடித்துவிட்டு, வழியிலுள்ள நிறுத்தங்களை (பேஸ்போலில் இவை தளங்கள்) கடந்து வட்டமாக ஓடித் தொடங்கிய இடத்துக்கே திரும்புவது இரண்டிலும் உண்டு. ஆனால் எல்லேயில் ஓடுபவர் மீது பந்தை எறிந்து அவரை ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் அது செல்லாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவரைத் தொட வேண்டும், அல்லது அவர் கட்டாயமாகச் சென்றடைய வேண்டிய தளத்தை அவருக்கு முன்னர் மிதிக்க வேண்டும்.

கிரிக்கெட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் உறுத்துவது, பின்பக்கமாகப் பந்தைத் திருப்பிவிடும் அழகிய அடிகளுக்கு அங்கே மதிப்பில்லை என்பதுதான். அடித்தவருக்கு முன்னால் விரியும் செங்கோணப் பரப்புக்குள் விழும் பந்து மட்டுமே ஆட்டத்தில் சேரும். எறிபவர் 18.44 மீற்றர் தொலைவிலிருந்து எறிகிறார்; தளங்களுக்கிடையிலான தூரம் 27.43 மீற்றர். மூன்று பேர் ஆட்டமிழந்ததும் அணிகள் இடம் மாறும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ். மாற்றப்பட்டு வெளியேறிய எறிபவர் அன்று மீண்டும் எறிய வர முடியாது என்பதால், களைப்படையும் ஒருவரை எப்போது எடுப்பது என்ற பயிற்றுநரின் தீர்மானமே பல ஆட்டங்களை முடிவு செய்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

புள்ளி அட்டையில் ஒவ்வோர் அணிக்கும் இறுதியில் மூன்று எண்கள் இருக்கும்: ஓட்டங்கள், வெற்றிகரமான அடிகள், களத்தடுப்புப் பிழைகள். 3, 11, 0 என்று கண்டால், அந்த அணி நன்றாக அடித்தும் ஓடுபவர்களை ‘வீடு’ எனப்படும் தொடங்கிய இடத்துக்குச் சேர்க்கத் தவறியது என்று அறியலாம். அடிப்பவரின் சராசரியில் .300 என்பது பத்து முயற்சிகளில் மூன்று வெற்றி. அது சிறந்ததாகக் கருதப்படும். 1941இல் பொஸ்டனின் டெட் வில்லியம்ஸ் பெற்ற .406 இன்றும் வியப்புடன் பேசப்படுகிறது. அதாவது, மாபெரும் வீரர்களும் பெரும்பாலான முறை தோற்றே திரும்புகிறார்கள். இதைப் புரிந்துகொண்டால், ஒருவர் இரண்டு நாட்கள் அடிக்கவில்லை என்பதற்காக அவரைத் திட்டத் தோன்றாது.

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், ரெட் சொக்ஸ் ஆட்டத்தைப் பார்க்க அதிகாலை 4.30 மணிக்கே எழுந்துவிடுகிறாள். தடுக்க வேண்டுமா?
– ஒரு தந்தையார், தம்பலகாமம்

பதில்: தடுக்க வேண்டாம், ஆனால் அளவு வையுங்கள். பேஸ்போலில் ஓர் அணி பருவமொன்றில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, ஏறத்தாழ நாள்தோறும். பொஸ்டனில் கோடைகால மாலை 7.10 என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 4.40. பொஸ்டனிலேயே எவரும் 162 ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை; வானொலியில் கொஞ்சம் கேட்பார்கள், காலையில் புள்ளி அட்டையை வாசிப்பார்கள், அவ்வளவே. உங்கள் மகள் நன்கு உறங்கி எழுந்து, பாடசாலைக்குப் புறப்படும் முன் புள்ளி அட்டையை வாசித்தால், அவள் இரசிகை என்ற தகுதியில் ஒரு குறைவும் வராது.

கண் விழிக்காமலே பார்க்கக்கூடிய ஆட்டங்களும் உண்டு. ரெட் சொக்ஸ் மேற்குக் கரைக்குச் சென்று ஆடும் இரவு ஆட்டங்கள் நமக்குக் காலை ஏழு மணியளவில் தொடங்கும். ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை, மசாசூசெட்ஸ் மாநில விடுமுறையில், பொஸ்டன் மரதன் ஓட்டம் நடக்கும் அதே நாளில் முற்பகல் 11 மணியளவில் அவ்வணி ஆடுவது வழக்கம். நமக்கு அது இரவு 8.40 அளவில் அமையும். புத்தாண்டு கழிந்த உடனேயே வரும் அந்த நாளில் குடும்பமாகச் சேர்ந்து பார்க்கலாம். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலமாகக் கூடுவதால், வெள்ளி, சனி இரவுகளின் கல்லூரி ஹொக்கி ஆட்டங்கள் நமது சனி, ஞாயிறு காலை 5.30 மணியளவில் வரும். அவை பாடசாலை நாட்களல்ல.

கேள்வி: வெல்லும் அணியைத் தேர்ந்தெடு, தோற்கும் அணி எதற்கு என்கிறான் என் மச்சான். நான் ரெட் சொக்ஸை விரும்புகிறேன். என்ன சொல்கிறீர்கள்?
– மாணவர், மூதூர்

பதில்: உங்கள் விருப்பத்தை விட்டுவிடாதீர்கள். 1918இல் பேஸ்போல் பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்ற ரெட் சொக்ஸ், அடுத்ததை 2004இல்தான் வென்றது. இடையே 86 ஆண்டுகள். அந்த ஆண்டில், உலகத் தொடருக்குத் தகுதி பெறுவதற்கான நியூயோர்க் யாங்கீஸுடனான தொடரில், நான்கு வெற்றி தேவைப்பட்ட நிலையில், பொஸ்டன் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. மூன்றாவதை 19–8 என்று இழந்தது. நான்காவதிலும் கடைசி இன்னிங்ஸில் 3–4 எனப் பின்தங்கியிருந்தபோது, ஓட்டத்துக்கென்றே களமிறக்கப்பட்ட டேவ் ரொபர்ட்ஸ், தான் ஓடப்போவதை அரங்கம் முழுவதும் அறிந்திருந்தும் இரண்டாம் தளத்தைத் திருடினார்; அதாவது, பந்து அடிக்கப்படாமலே ஓடி அதனை அடைந்தார். பில் மியுலரின் அடி அவரை வீடு சேர்த்தது. சமநிலையால் ஒன்பதுக்கு மேலும் நீடித்த ஆட்டத்தை, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓட்டிஸின் பேரடி முடித்தது. அதற்கு முன்னர் அமெரிக்காவின் உயர்நிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்போலில் எந்த அணியும் 0–3 என்ற நிலையிலிருந்து ஒரு தொடரை வென்றதில்லை. பொஸ்டன் வென்றது, உலகத் தொடரையும் 4–0 என்று கைப்பற்றியது. 2012இல் தன் பிரிவில் கடைசியாக வந்து 2013இல் மீண்டும் உலகத் தொடரை வென்றதும் இதே அணிதான். கடைசி இடத்தில் இருந்த ஆண்டில் விலகியவர்களுக்கு அடுத்த ஆண்டின் பொருள் முழுமையாகக் கிடைத்திருக்காது.

கேள்வி: பணம் செலவழிக்காமல் பின்தொடர முடியுமா? இலங்கையிலேயே பேஸ்போல் உண்டா?
– வாசகி, நிலாவெளி

பதில்: முடியும். மேஜர் லீக் பேஸ்போலின் உத்தியோகபூர்வத் தளத்தில் ஒவ்வோர் எறிதலும் உடனுக்குடன் இலவசமாகப் பதிவாகிறது. சுருக்கக் காணொளிகளையும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரி அணிகளின் புள்ளி விவரங்களை அந்தந்தப் பல்கலைக்கழகங்களே வெளியிடுகின்றன. இலங்கையிலும் பேஸ்போல் ஆடப்படுகிறது. ஹோமாகமவுக்கு அருகே தியகமவில் ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட மைதானம் உள்ளது.

கேள்வி: ஜூலையில் மகளைப் பார்க்க பொஸ்டன் செல்கிறோம். எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?
– ஒரு தம்பதியினர், உட்துறைமுக வீதி

பதில்: ஜூலையில் ஹொக்கி இல்லை, ஆகவே பேஸ்போல்தான். 1912இல் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடப்பக்கத்தில் 11 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்துகளைக் களத்தடுப்பாளர் எவ்வாறு கையாள்கிறார் என்று கவனியுங்கள். நுழைவுச்சீட்டு விலை அதிகமென்று தோன்றினால், பொஸ்டனிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வூஸ்டருக்குச் செல்லலாம். 2021 முதல் ரெட் சொக்ஸின் அடுத்த நிலை அணி அங்கு ஆடுகிறது. நாளைய வீரர்களை அருகிலிருந்து, குறைந்த செலவில் பார்க்கலாம். பெரிய பைகளைக் கொண்டு செல்ல வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் அனைவரும் எழுந்து நிற்பார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியேறிவிடாதீர்கள், இன்னும் இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் இருக்கும்.